மணி எருதும் பச்சைச் சமவெளியும்

"பால் இல்லை அண்ணா! மூணு நாளா ஒரு சொட்டுகூட இறங்கலை!"

நன்யோகி கத்தினாள். அவளுடைய கன்று மடியை முட்டிக்கொண்டிருந்தது. முட்டும், சப்பும், ஒன்றும் வராது, மறுபடி முட்டும். பிறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அதன் விலா எலும்புகள் தூரத்திலிருந்தே தெரிந்தன.

"கொஞ்சம் தள்ளி நில்லுடி! காம்பு வலிக்குது" என்று நன்யோகி கன்றை விலக்கினாள்.

கன்று விலகவில்லை. பசித்த கன்று எப்படி விலகும்?

நன்யோகி ஒரு சிவப்புப் பசு. அவள் கத்தியது தன் அண்ணன் அருஸிடம். அருஸ் கறுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருக்கும் பெரிய எருது. இருவரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்கள் மாட்டுக்கு அதன் நிறத்தைப் பார்த்தே பெயர் வைப்பார்கள். சிவப்பாக இருந்தவள் நன்யோகி ஆனாள். திட்டுத்திட்டாக இருந்தவன் அருஸ் ஆனான்.

அருஸின் கழுத்தில் மணி இருந்தது. மொத்தம் பதினேழு மாடுகள். மணி எங்கே போகிறதோ அங்கேதான் மற்ற பதினாறும் போகும். மேய்ப்பவன் லெமாயன்கூட மந்தையை ஓட்ட மாட்டான். அருஸின் முதுகில் கோலால் ஒரு தட்டு தட்டி, "டேய் அருஸ், மேட்டுக்கு!" என்பான். அருஸ் மேட்டுக்கு நடப்பான். மந்தை பின்னால் வரும். அவ்வளவுதான் வேலை.

அந்த மேட்டில்தான் இப்போது புல் இல்லை. வேரோடு காய்ந்து கிடந்தது. மழை அந்த வருடம் கீழே சமவெளியில் மட்டும் பெய்தது. மேட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டிலிருந்து குனிந்து பார்த்தால் சமவெளி முழுக்கப் பச்சை. கண் கூசும் பச்சை!

ஆனால் அங்கே மாடுகள் போகக் கூடாது. ஏனென்றால் அங்கே தாடிமான்கள் வந்து இறங்கியிருந்தன. மாட்டுத் தலை, குதிரை வால், தொங்குகிற தாடி. வில்டபீஸ்ட் என்று மனிதர்கள் சொல்லும் அந்தக் கூட்டம் வருடாவருடம் அந்தச் சமவெளிக்கு வந்துதான் குட்டி போடும். அவை குட்டி போட ஆரம்பித்ததும் மாசாய் மக்கள் மாடுகளை மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். பச்சையை விட்டுவிட்டுக் காய்ந்ததுக்குப் போவார்கள். பார்ப்பவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

அருஸுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"என்ன மணிக்காரரே, இன்னைக்கும் கல்லைத்தான் நக்கினீங்களா?"

கேட்டவள் நைபோர். வெள்ளை ஆடு. வாய் மூடாத ஆடு. அன்று சாயங்காலம் அவள் சமவெளியிலிருந்து வயிறு இரண்டு பக்கமும் புடைக்க வந்து நின்றாள். ஆடுகளுக்கு அந்தத் தடை கிடையாது. லெமாயனின் பிள்ளைகள் ஆடுகளைத் தினமும் கீழேதான் ஓட்டிப் போனார்கள்.

"உன் வேலையைப் பாரு" என்றான் அருஸ்.

"என் வேலையா? சாப்பிட்டது செரிக்கணும், அதான் என் வேலை! அப்பப்பா, என்ன புல்லு! பல்லுல பட்டா போதும், தண்ணி வருது. நீங்க பாவம், கழுத்துல மணியைக் கட்டிக்கிட்டுப் பட்டினி கிடக்குறீங்க!"

"அங்கே போனா மாடு செத்துப் போகும்னு லெமாயன் சொல்றாரு."

"நான் செத்துட்டேனா? என்னைப் பாருங்க! பத்து நாளா அங்கேதான் மேயுறேன். தாடிமான் குட்டி பக்கத்துலயே படுத்துக்கூடத் தூங்கினேன். எனக்கு ஒரு தும்மல்கூட வரலையே!"

நைபோர் சொன்னது எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் பிரச்சினை.

அருஸ் இரவு முழுக்க அதையே அசை போட்டான். அசை போட வேறு என்ன இருந்தது? ஆட்டுக்கு ஒன்றும் ஆகாதாம், மாட்டுக்கு மட்டும் ஆகுமாம். நன்றாக இருக்கிறதே கதை!

மறுநாள் லெமாயனும் அவன் மனைவி நாசேரியனும் காய்ந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டப் போனார்கள். மணலை ஆளுயரத்துக்குத் தோண்டினால்தான் தண்ணீர் கசியும். ஒருவர் குழிக்குள் நின்று வாளியை நீட்ட வேண்டும், ஒருவர் மேலே நின்று வாங்க வேண்டும். மாடுகளை யார் பார்ப்பது? "அருஸ் இருக்கான், பார்த்துக்குவான்" என்றான் லெமாயன்.

அருஸ் மந்தையை மேட்டில் நிறுத்திவிட்டுத் தனியாகக் கீழே இறங்கிப் போனான். சமவெளியின் ஓரத்திலேயே ஒரு தாடிமான் நின்றிருந்தது. அதன் காலடியில் அப்போதுதான் பிறந்த குட்டி. மண் நிறத்தில், ஈரத்தோடு, நிற்கப் பழகிக்கொண்டிருந்தது.

"நில்லு! அங்கேயே நில்லு! கிட்ட வராதே!" என்று தாய் கத்தினாள்.

"உன் குட்டியை நான் மிதிக்க மாட்டேன்" என்றான் அருஸ்.

"என் குட்டிக்காகக் கத்தலை. உனக்காகத்தான் கத்துறேன். எங்க குட்டிங்களோட மூக்குலயும் கண்ணுலயும் ஒழுகுறது இந்தப் புல்லு மேலெல்லாம் பட்டிருக்கு. அது எங்களை ஒண்ணும் செய்யாது. மாட்டைக் கொன்னுடும்."

"ஏன்?"

"ஏன்னு எனக்குத் தெரியாது. கொல்லும், அது தெரியும். என் கண்ணால பார்த்திருக்கேன். இப்போ குட்டிங்க மண்ணு நிறத்துல இருக்கு பாரு. இது எங்களை மாதிரிக் கறுக்கும். கறுக்குற வரைக்கும் பொறு. அப்புறம் நாங்களே வடக்கே போயிடுவோம். மிச்சப் புல்லு பூரா உங்களுக்குத்தான்."

"மிச்சமா?"

அருஸின் கழுத்து மணி ஒரு முறை அதிர்ந்தது. அவன் மந்தைக்கே முன்னால் நடப்பவன். தண்ணீரிலும் முதல் வாய் அவனுக்குத்தான். அவனிடம் போய் மிச்சம் என்கிறாள் தாடி வைத்த ஒருத்தி!

"எல்லாத்தையும் நீங்க தின்னுட்டு, எங்களுக்கு மிச்சமா? ஆடு தினமும் வந்து மேயுதே, அதை ஏன் விரட்டலை?"

"ஆடு வேற, மாடு வேறப்பா!"

"ஆமாமா! ஆடு கொஞ்சமா தின்னும், மாடு நிறையத் தின்னும். அதானே உன் வேறுபாடு! எனக்குத் தெரியாதா?"

தாடிமான் குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு தூரமாகப் போய்விட்டாள். அவள் எவ்வளவு தூரம் போனாலும் புல் மேல் பட்டது பட்டதுதான். அவளுக்கும் அது தெரியும். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அருஸ் மேட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மணி அடித்தது. பதினாறு மாடுகளும் சரசரவென்று இறங்கின.

நன்யோகி மட்டும் கடைசியில் தயங்கி நின்றாள்.

"அண்ணா, லெமாயன் வேணாம்னு சொல்லியிருக்காரே?"

"உன் கன்னுக்குப் பால் வேணுமா, வேணாமா?"

நன்யோகி இறங்கினாள்.

அன்று சாயங்காலம் அவள் மடியில் பால் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் வந்தது! கன்று வாலை ஆட்டிக்கொண்டு, நுரை வழிய, மூச்சு விடாமல் குடித்தது. நாசேரியன் கறந்த பாலைச் சுரைக்குடுவையில் ஊற்றினாள். அவளுடைய சின்ன மகள் குடுவையின் வாயை விரலால் வழித்து நக்கினாள்.

"அண்ணா, நீ மட்டும் இல்லைன்னா..." என்றாள் நன்யோகி. அருஸின் காதை நக்கினாள்.

அருஸுக்குப் பெருமை தாங்கவில்லை. லெமாயன் ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் மந்தையைக் கீழே இறக்கினான். அவன் திரும்புவதற்குள் மேலே ஏற்றினான். நான்கு நாள் இப்படி நடந்தது.

ஐந்தாம் நாள் காலையில் லெமாயன் பட்டியைக் கூட்ட வந்தான். சாணியைப் பார்த்தான். குனிந்து மறுபடி பார்த்தான். மேட்டுப் புல்லைத் தின்ற மாடு உருண்டை உருண்டையாக, காய்ந்த சாணிதான் போட வேண்டும். இது பச்சையாக, கூழாகக் கிடந்தது.

லெமாயன் கோலைக் கீழே போட்டான். முள்வேலி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எத்தனை நாளாடா?" என்று அருஸைப் பார்த்துக் கேட்டான். "எத்தனை நாளா இறங்குறீங்க?"

அவன் அடிக்கவில்லை. திட்டவில்லை. மனிதன் பேசுவது மாட்டுக்குப் புரியும், மாடு பேசுவது மனிதனுக்குப் புரியாது. அதனால் அருஸ் பதில் சொல்லவில்லை. லெமாயனுக்குப் புரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

அன்றிலிருந்து லெமாயன் மந்தையை விட்டு நகரவில்லை. நாசேரியன் தனியாகவே குழிக்குள் இறங்கி, தனியாகவே மேலேறி, வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்தாள். லெமாயன் தினமும் காலையில் ஒவ்வொரு மாட்டின் கண்ணையும் மூக்கையும் பார்த்தான். ஒன்றுமில்லை. பத்து நாள் ஆயிற்று. ஒன்றுமில்லை. பதினைந்து நாள். ஒன்றுமில்லை!

"பார்த்தீங்களா?" என்று அருஸ் மந்தைக்கு நடுவில் நின்று சொன்னான். "செத்துப் போவோம்னாங்களே! யாராவது செத்தீங்களா? செத்திருந்தா கையைத் தூக்குங்க!"

மாடுகள் சிரித்தன. நைபோர்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"கை எங்கே இருக்கு மணிக்காரரே, காலுதான் இருக்கு!"

அந்த நாட்களில்தான் அருஸ் மூகியைப் பார்த்தான். மூகி பழுப்பு நிற எருது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பட்டியின் மணி எருது. வயதில் சின்னவன். அவன் மந்தையில் நாற்பது மாடுகள். இரண்டு மந்தைகளும் ஒரே ஊற்றில்தான் தண்ணீர் குடிக்கும்.

"அண்ணே, உங்க மாடுங்க மட்டும் எப்படி இவ்வளவு தெம்பா இருக்கு? எங்க கன்னு ரெண்டு நேத்து செத்துடுச்சு. பால் இல்லை" என்றான் மூகி.

அருஸ் நெஞ்சை நிமிர்த்தினான்.

"கீழே இறக்கு!"

"சமவெளிக்கா? தாடிமான் இருக்கே அண்ணே!"

"இருந்தா இருக்கட்டும். நான் நாலு நாள் இறக்கினேன். என்ன ஆச்சு? பாரு என்னை! அதெல்லாம் தாடிக்காரங்க புல்லைக் காப்பாத்தக் கட்டிவிட்ட கதை."

மூகி யோசித்தான். "எங்க ஆளு கூடவே நிக்கிறாரு அண்ணே. அடுத்த பெரிய சந்தைக்கு ஒரு காளையை விக்கப் போவாரு. அன்னைக்குச் சின்னப் பிள்ளைங்கதான் இருக்கும். அன்னைக்கு இறக்குறேன்."

"இறக்கு! பயப்படாதே!"

"நீங்க சொன்னா சரிதான் அண்ணே."

அருஸ் அந்த வார்த்தையை வீடு வரைக்கும் மென்றுகொண்டே போனான். நீங்க சொன்னா சரிதான் அண்ணே. புல்லை விட இனிப்பாக இருந்தது.

இருபத்தோராம் நாள் ஒரு கிழட்டுப் பசு தண்ணீர் குடிக்க மறுத்தது. மூக்கிலிருந்து கட்டியாக ஒழுகியது. சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு மாடுகள் அதே மாதிரி நின்றன. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வெயிலைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

லெமாயன் சந்தையிலிருந்து மருந்து வாங்கி வந்தான். ஊசி போடுகிறவரையும் கூட்டி வந்தான். அவர் மாடுகளைப் பார்த்தார், கீழே சமவெளியைப் பார்த்தார், பையை மூடினார்.

"இதுக்கு மருந்து இல்லைப்பா" என்றார். "இருந்தா போடாம இருப்பேனா?"

ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. உள்ளே புகுந்த நோய் மூன்று வாரம் சத்தமில்லாமல் படுத்திருந்திருக்கிறது. அந்த மூன்று வாரமும் அருஸ் சிரித்துக்கொண்டிருந்தான். எதற்கு வரும், எதற்கு வராது என்று ஒரு கணக்கும் இல்லை. நல்ல மாடு போயிற்று, சண்டைக்கார மாடு பிழைத்தது. அருஸுக்கு ஒன்றுமே வரவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. இதில் நியாயம் இருக்கிறதா என்றால் இல்லை. அப்படித்தான் நடந்தது.

எட்டாவதாக நன்யோகி விழுந்தாள்.

அருஸ் அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் கண் இரண்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. வாய் முழுக்கப் புண்.

"அண்ணா, விடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்தது.

"இன்னும் இல்லை" என்றான் அருஸ்.

"பொய் சொல்லாதே அண்ணா. முதுகு சுடுதே."

அருஸ் தலை குனிந்தான்.

"என் கன்னு எங்கே?"

"நைபோர்கிட்ட குடிக்குது. நாசேரியன் அவளைப் பிடிச்சுக் கட்டிவச்சுக் கன்னை விட்டிருக்கா. முதல்ல உதைச்சா. இப்போ சும்மா நிக்கிறா."

நன்யோகி சிரிக்கப் பார்த்தாள். புண் வலித்தது. நிறுத்திக்கொண்டாள்.

"நான்தான் உன்னைக் கீழே இறக்கினேன்" என்றான் அருஸ். "நீ வேணாம்னு சொன்னே."

"நானும்தானே இறங்கினேன்? பால் வந்தப்போ உன் காதை நக்கினேனே! அதை விடு. அதைப் பேச இப்போ நேரம் இல்லை. நான் ஒண்ணு கேட்கிறேன், செய்வியா?"

"சொல்லு! என்ன வேணா சொல்லு!"

"பெரிய சந்தை என்னைக்கு?"

அருஸுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. 

"நாளை மறுநாள்" என்றான்.

"மூகிகிட்ட நீதானே கீழே இறக்கச் சொன்னே? அவன் நாற்பது மாட்டைக் கூட்டிக்கிட்டு வருவான் அண்ணா. அங்கேயும் கன்னு இருக்கு. போய்ச் சொல்லு. நான் சொன்னது தப்பு, பாதி மந்தை போயிடுச்சு, இறங்காதேன்னு சொல்லு. வேற எதுவும் சொல்ல வேணாம். அது போதும்."

"சொல்றேன்."

"போய்ச் சொல்லணும் அண்ணா."

"சொல்றேன்னு சொல்றேனில்லை!"

சாயங்காலம் நன்யோகி போய்விட்டாள். லெமாயன் வழியனுப்புவது போல அவள் முகத்தில் ஒரு பிடி பச்சைப் புல்லை வைத்தான். மேட்டில் புல் இல்லை. அதைச் சமவெளியிலிருந்துதான் பிடுங்கி வந்திருந்தான்.

மறுநாள் அருஸுக்கு நேரம் இருந்தது. முழு நாள் இருந்தது. மூகியின் பட்டி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். லெமாயன் எஞ்சிய மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட ஆற்றுக்கே ஓட்டிப் போனான். அந்தக் கரையில் மூகியின் மந்தை தெரிந்தது. மூகி தலையைத் தூக்கிப் பார்த்தான். அருஸ் சட்டென்று தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். குடித்து முடித்த பிறகும் எடுக்கவில்லை.

நாளைக்கு மூகி எப்படியும் இந்தப் பக்கம்தான் வருவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அது சாக்கு. சாக்கு என்று அவனுக்கே தெரியும்.

பட்டிக்கு வந்ததும் நைபோரிடம் போனான். அவள் மடியில் நன்யோகியின் கன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ போய் மூகிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்" என்றான். "உனக்குத்தான் வாய் நீளமாச்சே."

நைபோர் முன்னே மாதிரிச் சிரிக்கவில்லை.

"நான் சொன்னா நம்புவானா? என்னைப் பாருங்க. நல்லா கொழுகொழுன்னு நிக்கிறேன். கீழே போகாதேன்னு நான் சொன்னா, 'நீ போனியே, உனக்கு என்ன ஆச்சு?'ன்னு கேட்பான். அதைத்தானே நீங்களும் கேட்டீங்க?"



"நான் பொய் சொல்லலை மணிக்காரரே" என்றாள் நைபோர்.  "எனக்கு ஒண்ணும் ஆகலைன்னுதான் சொன்னேன். உங்களுக்கும் ஆகாதுன்னு நினைச்சது தப்பு. நானும் நினைச்சேன், நீங்களும் நினைச்சீங்க. ஆனா மூகியைக் கீழே போகச் சொன்னது நான் இல்லை. அது நீங்க. நீங்கதான் போகணும்."

"போறேன்."

"இப்போவே போங்க!"

"காலையில போறேன்!" என்று அருஸ் கத்தினான்.

காலையில் அவன் போகவில்லை. லெமாயன் மந்தையை மேட்டுக்கு ஓட்டினான். மந்தை என்று சொல்வதற்கு அருஸைத் தவிர எட்டு மாடுகள்தான் மிச்சம் இருந்தன. அருஸ் பாதையின் ஓரத்தில் நின்றுகொண்டான்.

வெயில் ஏறும்போது ஆற்றுப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. மூகி முன்னால் வந்தான். பின்னால் நாற்பது மாடுகள், வரிசையாக, எலும்பும் தோலுமாக. கடைசியில் இரண்டு சின்னப் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் கல் எறிந்து விளையாடிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு மாடு எந்தப் பக்கம் போகிறது என்ற கவலையே இல்லை. லெமாயன் அந்த நேரம் பார்த்து மேட்டின் மறுபக்கம், விழப் போகும் இன்னொரு மாட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

"அண்ணே!" என்று மூகி ஓடி வந்தான். "நல்லா இருக்கீங்களா?"

"ம்."

"புல்லு எப்படி இருக்கு அண்ணே?"

அருஸ் சமவெளியைப் பார்த்தான். தாடிமான் குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. எல்லாம் இன்னும் மண் நிறத்தில்தான் இருந்தன.

"புல்லு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அது உண்மை. புல் நன்றாகத்தான் இருந்தது.

மூகி சுற்றிப் பார்த்தான். "என்ன அண்ணே, மாடுங்க குறைச்சலா இருக்கு?"

இதோ வாய்ப்பு. தானாக வந்து முன்னால் நிற்கிறது. அருஸ் வாயைத் திறந்தான். மூகி அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று ஊற்றங்கரையில் பார்த்த அதே பார்வை. நான் பாதி மந்தையைக் கொன்றவன் என்று எப்படிச் சொல்வது? என் தங்கையையும் சேர்த்துக் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது? சொன்ன பிறகு அந்தப் பார்வை இருக்குமா?

"மீதி... மேட்டுக்கு அந்தப் பக்கம் மேயுது" என்றான் அருஸ்.

"அங்கேயும் புல்லு வந்துடுச்சா? நல்லதுண்ணே! அப்போ நாங்க கீழே போறோம். நீங்களும் வர்றீங்களா?"

"இல்லை. நான் இங்கேயே இருக்கேன்."

"சரிண்ணே!"

மூகி தலையை ஆட்டினான். நாற்பது மாடுகளும் இறங்கின. ஒரு சிவப்புப் பசு கடைசியில் கொஞ்சம் தயங்கியது. அதன் பின்னாலேயே ஒரு கன்று. பையன்களில் ஒருவன் அதன் வாலை முறுக்கினான். அதுவும் இறங்கிற்று.

அப்போதும் நேரம் இருந்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் மூகி திரும்பியிருப்பான். பாதி வழியில் ஒரு முறை அவனாகவே திரும்பிப் பார்த்தான். அருஸ் அசையாமல் நின்றான். மூகி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான்.

முதல் மாடு பச்சையில் வாயை வைத்தது. தாடிமான் தாய்கள் தூரத்திலிருந்து, "வராதீங்க! வராதீங்க!" என்று கத்தின. மூகி அந்தக் கத்தலைப் பார்த்துச் சிரித்தான். கட்டிவிட்ட கதை என்றுதான் அவனுக்கு அருஸ் சொல்லியிருந்தானே.

இறங்காதே என்று போய்ச் சொல்லு, அது போதும் என்று நன்யோகி அவனிடம் சொல்லியிருந்தாள், அருஸ் சொல்லவில்லை.

தெரியாமல் செய்த தப்பை வெட்கப்பட்டு மறைத்தால், அடுத்தவன் வீட்டில் விழும் சாவு நாம் தெரிந்தே செய்த தப்பாகிவிடும்.